செகண்ட் கியரைப் பிடித்த கை

எங்கள் ஜீப்பில் செகண்ட் கியர் நிற்காது. ஏற்றத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது, மாடு மாதிரி இழுக்கும். இறக்கத்தில்தான் அதன் புத்தியைக் காட்டும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் கம்பி ஓர் உதறு உதறும். அடுத்த நொடி டொக்கென்று நியூட்ரலில் வந்து நிற்கும். அதுவரை வண்டியைப் பிடித்துவைத்திருந்த இன்ஜின் நம்மைக் கைகழுவிவிடும். மிச்சமெல்லாம் பிரேக்கின் பாடு. அந்தக் காலத்து பிரேக்கை மட்டும் நம்பி மலை இறங்குகிறவனைக் கோட்டிக்காரன் என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள். நான் போலீசில் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவன். எத்தனையோ வண்டிகளைப் பார்த்தாயிற்று. இந்தச் சவத்தைப்போல ஒன்றைப் பார்த்ததில்லை.

ஆசைப்பட்டு வாங்கியதும் இல்லை. செங்கோட்டை தாண்டி மலையடிவாரத்தில், என் மனைவிக்கு அவள் அப்பா வழியில் வந்த ஒரு தோட்டம் இருக்கிறது. கீழே தென்னை, மேலே போகப்போக நல்லமிளகும் கிராம்பும். தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து தோட்டத்து வாசல் வரை கல்லும் பள்ளமுமாக ஏறிப்போகிற பாதை, நடுவில் ஓர் ஓடை. மழைக்காலத்தில் அதில் வேறு எந்த வண்டியும் போகாது. அதற்காகத்தான் ஏலத்துக்கு வந்த, என்னைவிட வயதான இந்த ஜீப்பை எடுத்தேன். இப்போதெல்லாம் பழைய ஜீப்புக்குப் பெயின்ட் அடித்து, பெரிய டயர் மாட்டி, குற்றாலத்தில் நிறுத்திவைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். என் வண்டியைப் பார்த்தும் இரண்டு பேர் "அங்கிள், செம விண்டேஜ்" என்றார்கள். செகண்ட் கியரில் போட்டு இறக்கத்தில் விட்டால் தெரியும், விண்டேஜ்.

முதல் தடவை கியர் நழுவியபோது என் மனைவி பக்கத்து சீட்டில் இருந்தாள். தோட்டத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். வண்டி திடீரென்று ஓடத் தொடங்கியதும் நான் பிரேக்கில் ஏறி நின்று எப்படியோ ஓடைக்கு முன்னால் நிறுத்தினேன். எனக்கு வேர்த்துவிட்டது. நான் மறுபடி செகண்டைப் போட்டதும் அவள் வலது கையை நீட்டிக் கம்பியின் குமிழை முன்பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க ரோட்டப் பாருங்க. இத நான் பாத்துக்கிடுதேன்."

அன்றைக்குத் தொடங்கியது, அப்புறம் அதுவே வழக்கமாகிப் போயிற்று. இறக்கம் தொடங்குகிற இடத்தில் ஒரு பாறை உண்டு. அங்கே வந்ததும் நான் கிளட்சை மிதித்து செகண்டைப் போட்டு "ம்" என்பேன். அவள் சேலை முந்தியைக் குமிழின் மேல் சுற்றி, முழங்கையை விறைத்து, கம்பியை அழுத்திப் பிடிப்பாள். கம்பி அவள் கைக்குள் கிடந்து துள்ளும். ஓடையைத் தாண்டி சமதளத்துக்கு வந்ததும் இன்னொரு "ம்". விட்டுவிடுவாள். வருடக்கணக்காக இப்படித்தான் மலை இறங்கினோம். எங்களுக்குள் சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை இல்லாத நாட்களில்கூட அந்த இரண்டு "ம்" மட்டும் நடக்கும்.

சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். "கவர்மெண்டு டிரைவருக்கு ரெண்டு கை பத்தலையாம், பொண்டாட்டி கையையும் கடன் வாங்குதாரு" என்பார்கள். அவள் சளைக்க மாட்டாள். "லைசென்சு அவுகளுக்கு, கியரு எனக்கு. இதுல ஒங்களுக்கு எங்க நோவுது?" என்பாள். வொர்க்‌ஷாப்பில் விடலாமா என்று நான் கேட்டபோதெல்லாம், "இதுக்குப் போயி வொர்க்‌ஷாப்பா? கை என்ன தேஞ்சா போகுது?" என்று தட்டிவிடுவாள்.

போன பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில், காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் கையிலிருந்து கரண்டி விழுந்தது. எடுக்கக் குனிந்தாள், அப்படியே சரிந்துவிட்டாள். வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்ப் படுக்கப்போட்டு, ஊசியும் மருந்துமாக, கடவுளே என்று கால் திரும்பி வந்தது. ஊன்றி நடக்கிறாள். பேச்சும் கொஞ்சம் குழறினாலும் வந்துவிட்டது. கை மட்டும் வரவில்லை. அசைவும் இல்லை, தொட்டால் உணர்வும் இல்லை. டாக்டரிடம் கேட்டால் "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். அதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு? கோயில் வாசலில் குறி சொல்கிறவனே போதும்.

சீசன் தொடங்கி சாரல் விழ ஆரம்பித்ததும் ஆளாளுக்குக் குற்றாலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். உலகமே கைகால் விளங்க அங்கே வருகிறது, பக்கத்தில் தென்காசியில் இருந்துகொண்டு நீ சும்மா இருக்கிறாயே என்று என்னை ஏசினார்கள். பெண்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் ஓர் அம்மாளைப் பேசி வைத்தேன். அந்த அம்மாள் ஒரு லாட்ஜ் அறையில் வைத்துத் தைலம் தேய்ப்பாள். தோளிலிருந்து விரல் நுனி வரை உருவி உருவி விடுவாள். பிறகு கைத்தாங்கலாக ஐந்தருவியில் பெண்கள் குளிக்கிற பக்கத்துக்குக் கூட்டிப்போவாள். நான் துண்டையும் மாற்றுச் சேலையையும் வைத்துக்கொண்டு, சிப்ஸ் கடைகளுக்கும் குரங்குகளுக்கும் நடுவில் நனைந்துகொண்டு நிற்பேன்.

ஒவ்வொரு தடவை என் மனைவி நடுங்கிக்கொண்டு வெளியே வரும்போதும் நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். கேட்கக் கூடாது என்று இருப்பேன், வாய் கேட்டுவிடும். "எப்படி இருக்கு?"

"தலையில அடிக்குறது தெரியுது. தோளுல அடிக்குறது தெரியுது. கையில தண்ணி விழுதான்னே தெரியல."

சீசன் முழுக்க இதே கேள்வி, இதே பதில். கடைசியில் ஒருநாள் ஆட்டோவில் திரும்பி வரும்போது, இலஞ்சி தாண்டியதும், அவளாகவே பேசினாள். வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"எண்ணெயும் தண்ணியும் இந்தக் கைக்குப் பழக்கம் இல்ல. கியருதான் பழக்கம். மலை எறங்கும்போது அந்தக் கம்பி மேல வச்சுப் பாக்கணும். அந்த நடுக்கம் கண்டிப்பா தெரியும். அதுவும் தெரியலன்னா, இந்தக் கை செத்துட்டுன்னு நான் விட்டுருதேன். அப்புறம் யாரும் எண்ணெயத் தூக்கிட்டு வராதீங்க."

அவள் விளையாட்டுக்குப் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் முற்றத்தில் தார்ப்பாய்க்குள் கிடந்த ஜீப்பைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "எப்பம் போவோம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எப்படிப் போவது? கியரைப் பிடிக்க ஆள் இல்லை. பிடித்த கையைச் சோதிக்கத்தான் போகிறோம். அந்தக் கையை நம்பி அந்த இறக்கத்தில் அவளை உட்காரவைக்க முடியுமா? ஒரு கையால் நானே கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஓட்டலாம் என்றால் அந்த ஸ்டீயரிங் ஒற்றைக் கைக்கு அடங்காது. முதலில் நான் மட்டும் போய்ப் பார்ப்போம் என்று ஒரு சைக்கிள் டியூபை வெட்டி, கம்பியை இழுத்து முன்னால் கட்டினேன். போலீசில் இருக்கும்போது இதே வித்தையைச் செய்திருக்கிறேன். ஏறிப்போய்விட்டேன். இறங்கும்போது பாறையைத் தாண்டி இரண்டாவது வளைவில் டியூப் அறுந்து என் முகத்தில் அடித்தது. கியர் நழுவியது. வண்டியை மண்மேட்டில் உரசி உரசி நிறுத்தினேன். பக்கவாட்டுத் தகடு கிழிந்து தொங்கியது. அவள் கூட இருந்திருந்தால் என்ற நினைப்பு வந்தது. கொஞ்ச நேரம் இறங்கவே முடியவில்லை.

அப்புறம்தான் மெக்கானிக்கிடம் போனேன். தென்காசியில் செங்கோட்டை ரோட்டில் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார். நானும் அவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. அந்தக் காலத்திலேயே வாய் ஜாஸ்தி. வண்டியைக் கண்ணால் பார்க்குமுன்னே நோயைச் சொல்லிவிடுவார்.

"ஸ்பிரிங்கு செத்திருக்கும் வே. மேல் மூடியக் கழத்தி ஸ்பிரிங்கும் பாலும் புதுசு போட்டா பாறை மாதிரி நிக்கும். இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு வந்து நிக்கீரு."

கியர் போட்ட இடத்திலேயே கம்பியைப் பிடித்துவைக்க, மூடிக்குள் ஒரு சின்ன இரும்புக் குண்டும் அதை அழுத்துகிற ஸ்பிரிங்கும் உண்டு. அதைத்தான் சொன்னார். மாற்றினார். கொட்டகைக்கு முன்னால் ஓட்டிப் பார்த்தோம், பிரமாதம். மாலையில் புளியரை மலைப்பாதைக்குப் போனோம். கேரளாவுக்கு வைக்கோல் ஏற்றிப்போகிற லாரிகளுக்குப் பின்னால் ஏறி, மேலே திருப்பி, செகண்டில் போட்டு இறங்கினேன். முதல் வளைவு தாண்டவில்லை. உதறு, டொக்.

"சவம்" என்றார் மெக்கானிக்.

"அதத்தானே நான் அன்னைக்கே சொன்னேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். "ஆச்சா?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று பார்த்துவிட்டு, இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

அடுத்து பேரிங் என்றார். கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார். இறக்கினார். மழை விடாமல் பெய்தது, கொட்டகை ஒழுகியது, என் ஜீப்பின் வயிறு காலியாகக் கிடந்தது. நான் தினமும் போய் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துகொள்வேன். போகாவிட்டால் அவர் வேறு வண்டியைக் கையில் எடுத்துவிடுவார். தினமும் திரும்பி வரும்போது "ஆச்சா?" இருக்கும். அந்தக் கேள்விக்குப் பயந்தே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவேன். பேரிங் மாட்டி, பாக்ஸை ஏற்றி, எண்ணெய் ஊற்றி, மறுபடி புளியரை. இந்தத் தடவை மூன்று வளைவு நின்றது. நாலாவது வளைவில் உதறு, டொக். வண்டியை ஓரம் கட்டிவிட்டு இரண்டு பேரும் இறங்கி நின்றோம். எனக்கு அழுகை வந்தது. அறுபது தாண்டிய ஆள், லாரிக்காரர்கள் பார்க்க, மலைப்பாதை ஓரத்தில் நின்று அழுதேன்.

மெக்கானிக் பதறிவிட்டார். "என்னவே இது, ஒரு கியருக்குப் போயி. தூக்கி எடைக்குப் போட்டுட்டு வேற வண்டி பாரும்."

அப்போதுதான் அவரிடம் சொன்னேன். கியருக்காக இல்லை, கைக்காக என்று சொன்னேன். ஐந்தருவியில் அவள் என்ன சொன்னாள், ஆட்டோவில் என்ன சொன்னாள், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு கீழே வரும்வரை வாயைத் திறக்கவில்லை. அந்த வாய் மூடியிருந்ததை நான் முதல் தடவையாக அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் பாக்ஸை மறுபடி இறக்கி, ஒரு சாக்கை விரித்து, உள்ளே இருந்த ஒவ்வொன்றையும் கழுவிக் கழுவி வைத்தார். கியர் பல்லெல்லாம் நன்றாக இருந்தது. பிறகு ஒரு துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இரண்டு விரலை விரித்தாற்போன்ற ஒரு கவட்டை. போர்க் என்பார்கள். கம்பியை நாம் தள்ளும்போது உள்ளே கியரைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சேர்க்கிற துண்டு அதுதான். அதன் இரண்டு விரலும் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கு மேல் தேய்ந்து, கத்தி விளிம்பாக மெலிந்திருந்தது.

"இது என்ன வே, ஒரு பக்கம் மட்டும் இப்படித் தேஞ்சு கெடக்கு? ஓடித் தேஞ்சா ரெண்டு பக்கமும்லா தேயும். இது யாரோ கம்பிய முன்னால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஓட்டின மாதிரி இருக்கு."

நான் சொன்னேன். இறக்கம் முழுக்க அவள் பிடித்துக்கொண்டு வருவாள், வருடக்கணக்காக அப்படித்தான் என்றேன்.

அவர் போர்க்கைச் சாக்கின் மேல் வைத்தார். "அதான். மொதல்ல செத்தது ஸ்பிரிங்குதான், நான் சொன்னது சரிதான். அன்னைக்கே வந்திருந்தா பத்து நிமிச வேலை. கம்பியப் பிடிச்சா நழுவாதுன்னு நெனச்சுப் பிடிச்சிருக்கீங்க. பிடிக்கப் பிடிக்க உள்ளுக்குள்ள இது தேயுது. தேயத் தேய ஜாஸ்தியா நழுவுது. ஜாஸ்தியா நழுவ நழுவ மதினி இன்னும் அமுக்கிப் பிடிச்சிருக்கு. ஏன் வே, இத்தன வருசம் வொர்க்‌ஷாப்புப் பக்கம் தல வச்சுப் படுக்கலியே?"

"கை இருந்துச்சு" என்றேன்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அப்படி இருந்தது எனக்கு. போர்க்கைக் கழிவுத்துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். காட்டாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவளிடம் எதையும் மறைக்க எனக்கு வராது, முகமே சொல்லிவிடும். அவள் கட்டிலில் உட்கார்ந்து, துணியை இடது கையால் பிரித்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். மெலிந்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவினாள்.

"அப்பம் பிடிச்சதும் நான்தான், கெடுத்ததும் நான்தான்" என்றாள். சிரிக்கத்தான் செய்தாள். "இரும்பே இந்த அளவுக்குத் தேஞ்சிருக்கு. கை என்ன பாடு பட்டிருக்கும்."

"ஏட்டி, அதுக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்ல. ஒனக்கு வந்தது தலையில ரத்தக்குழாய் அடைச்சு."

"எனக்குத் தெரியும். சும்மா சொன்னேன்."

பிறகு அந்த இரும்பை எடுத்துத் தன் வலது உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். நான் கேட்கவில்லை. அவளே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விரல்களைப் பிரித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

புது போர்க் எங்கும் கிடைக்கவில்லை. அந்த வயது வண்டிக்கு யார் செய்துவைத்திருக்கிறார்கள்? மெக்கானிக் போன் மேல் போன் போட்டார். கடைசியில் இலத்தூரில் ஒரு வீட்டுக் கொல்லையில் இதே மாதிரி ஒரு ஜீப் செத்துக் கிடக்கிறது என்று தகவல் வந்தது. போனோம். உள்ளே கோழி அடைந்திருந்தது, முருங்கை மரம் பாதியை மூடியிருந்தது. மழையில் குப்புறப் படுத்து அதன் பாக்ஸைக் கழற்றினோம். மேலெல்லாம் துரு, ஆனால் உள்ளே போர்க் இரண்டு பக்கமும் ஒரே கனமாக இருந்தது. மெக்கானிக் அதைத் தன் சட்டையிலேயே துடைத்தார்.

மாட்டி முடித்ததும் மூன்றாவது தடவை புளியரை. மேலே இருந்து கீழே வரை, எல்லா வளைவும், செகண்டிலேயே இறங்கினோம். நான் காலை எடுத்தேன், வைத்தேன், திரும்ப எடுத்தேன். இன்ஜின் முனகிக்கொண்டு வண்டியைப் பிடித்துக்கொண்டே வந்தது. கியர் நழுவவில்லை. மெக்கானிக் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். கீழே வந்ததும் சொன்னார்: "ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடும். இனிமே அந்தக் கம்பி மேல ஒரு விரலு படக் கூடாது. கியரப் போட்டமா, கைய எடுத்தமான்னு இருக்கணும். பிடிச்சீருன்னா இந்தப் போர்க்கும் தேஞ்சிரும், இன்னொண்ணுக்கு நான் இலத்தூர்ல எந்தக் கோழிக்கூட்டுக்குப் போவேன்?"

சரி என்றேன். எதற்காகச் செய்தோம் என்பது அவருக்கும் தெரியும். ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகாது என்று அவரே மெல்லச் சேர்த்துக்கொண்டார்.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வண்டி கெட்டுக் கிடந்தவரைக்கும் அவள் கைக்கு முடிவு சொல்லப்படாமல் இருந்தது. இனி அதற்குச் சாக்கு இல்லை. எண்ணெய் ஊற வேண்டும் என்றேன், டயரைப் பார்க்க வேண்டும் என்றேன், ஓடையில் தண்ணீர் கூடுதலாம் என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"பயப்படுதீங்களா?" என்றாள் ஒருநாள்.

"எனக்கென்ன பயம்."

"அப்பம் நாளைக்குப் போவோம்."

போனோம். சாரல் மண்ணில் விழுகிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தூறிக்கொண்டிருந்தது. அவளை இடுப்பைப் பிடித்துத் தூக்கி சீட்டில் ஏற்றினேன். விழாமல் இருக்க ஒரு துண்டால் சீட்டோடு சேர்த்துக் கட்டினேன். ஏற்றத்தில் வண்டி எப்போதும்போல இழுத்தது. தோட்டம் காடாகக் கிடந்தது. நல்லமிளகுக் கொடிகள் சாய்ந்திருந்தன, யாரும் தூக்கிக் கட்டவில்லை. இரண்டு தென்னை விழுந்திருந்தன. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு முதல் கிராம்பு மரம் வரை நடந்தாள். ஓர் இலையைப் பறித்துக் கசக்கி மோந்துவிட்டு, "போவோம்" என்றாள். தோட்டத்தைப் பார்க்க அவள் வரவில்லை.

பாறைக்கு வந்ததும் வண்டியை நிறுத்தினேன். கிளட்சை மிதித்து செகண்டைப் போட்டேன். அவள் இடது கையால் வலது கையைத் தூக்கிக் குமிழின் மேல் வைத்தாள். நழுவியது. மறுபடி வைத்து, முந்தியைச் சுற்றினாள். அப்போதும் நிற்கவில்லை. நான் என் இடது கையை அவள் கையின் மேல் வைத்துப் பொத்திக்கொண்டேன். என் விரல்கள் அவள் விரல்களைத் தாண்டிக் கம்பியில் பதிந்தன. இப்போது ஸ்டீயரிங்கில் ஒரு கைதான். மெதுவாகப் போகலாம், கியர் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

"ம்" என்றேன்.

வண்டி இறங்கியது. நான் காலை எடுத்ததும் இன்ஜின் பிடித்துக்கொண்டு முனகத் தொடங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முதல் வளைவு. இரண்டாவது வளைவு, நான் மண்மேட்டில் உரசிய இடம். அவள் உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் சுருக்கம் விழுந்தது. யாரோ தூரத்தில் கூப்பிடுவது காதில் விழுகிறதா என்று பார்க்கிறவள் முகம் அப்படி இருக்கும். நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தேன். கீழே ஓடை தெரிந்தது. அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஏங்க, கியரு இப்பம் ஆடுதா?"

பழைய உதறல் போய்விட்டது, அது உண்மை. ஆனால் ஜீப் கம்பி ஜீப் கம்பிதான். இன்ஜினின் நடுக்கம் முழுவதும் அதில் ஏறி வரும், புது வண்டியிலேயே வரும். என் உள்ளங்கை வரை அதிர்ந்துகொண்டிருந்தது.

"இல்ல" என்றேன். "போர்க் மாத்தியாச்சுல்லா. ஒரு அசைவு கெடையாது. செத்த கட்டை மாதிரி நிக்குது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் பொய் தங்காது என்று அவளுக்குத் தெரியும். நான் ஓடையைப் பார்த்து ஓட்டினேன்.

"அதான பாத்தேன்" என்றாள். "ஒண்ணுமே தெரியலியேன்னு."

ஓடைக்குள் இறங்கினோம். தண்ணீர் சக்கரத்தில் அடித்தது. சமதளம் வந்துவிட்டது. நான் இரண்டாவது "ம்" சொல்ல வேண்டிய இடம். சொல்ல வாய் வரவில்லை. அவள் கையும் அங்கேயே இருந்தது.

"அப்பம் அந்தப் பழைய போர்க்கையே மாட்டச் சொல்லுங்க. நல்லா உதறுனாத்தான எனக்குத் தெரியும்."

"சொல்லுதேன்" என்றேன்.

அவள் கையைப் பொத்தியபடியே ஓட்டினேன். தார் ரோடு வரும்வரை என் விரல்களுக்குக் கீழே கம்பி நடுங்கிக்கொண்டே இருந்தது.